றிவெட் அடித்த பல்பயன் குறடு: பிரித்துப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடையொன்றில் 3,500 ரூபா கொடுத்து வாங்கிய பல்பயன் குறடொன்றை எட்டு மாதங்கள் வயலிலும் வீட்டிலும் பாவித்தேன். இப்போது அதை முழுவதுமாகப் பிரித்துவிட்டதால், வெளியே தெரிந்த மினுக்கத்தோடு உள்ளே இருந்ததையும் பார்த்தே எழுதுகிறேன்.

குறட்டோடு மடிந்திருந்த கத்தி, வாள், அரம் மூன்றும் விலைக்கு மீறிய தரம். முதிரைக் கொப்பை அறுத்தபின்னும் வாளின் பல் மழுங்கவில்லை. குறை முழுவதும் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த றிவெட்டில், அதாவது தலை தட்டி நிரந்தரமாக இறுக்கிய ஆணியில்தான் இருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் சேறு படாமல் எந்தக் கருவியையும் பாவிக்க முடியாது; அந்தச் சேறு மூட்டுக்குள் புகுந்து காய்ந்து, ஐந்தாம் மாதமே குறட்டின் வாய் ஆடத் தொடங்கியது. திருகாணி என்றால் அரைச் சுற்று இறுக்கியிருக்கலாம். றிவெட்டை இறுக்க வழியில்லை. சுத்தியலால் தட்டினால் ஒன்றில் ஆடும், அல்லது அசையாமல் இறுகிவிடும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண்ணில், நல்ல இரும்பை எறிய மனம் வரவில்லை.

பிரிப்பதற்கு, றிவெட்டின் தலையை அரத்தால் முதலில் மட்டமாக்கி, நடுவில் பஞ்ச் (punch) எனும் கூர் உளியால் ஒரு குழி அடித்து, 2 மில்லிமீற்றர் துளையலகால் வழி திறந்தபின், ஆணியின் தடிப்பை விடச் சற்றே பெரிய அலகால் தலையை மட்டும் துளைத்தேன். தலை ஒரு சிறு வளையமாகக் கழன்று அலகோடு சுழன்றது. வேகத்தைக் குறைத்து எண்ணெய் விட வேண்டும், ஏனெனில் சூடேறி உருக்கு நீலம் பாரித்தால் கத்தியின் பதம் போய்விடும். பிறகு துளையிட்ட பலகையின்மேல் வைத்து, மெல்லிய பஞ்ச் உளியால் ஆணியை மறுபக்கம் தட்டி எடுத்தேன். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்துப் பாயும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதில் கை வைக்கக் கூடாது.

வெளியே வந்த ஆணியைப் பார்த்தபோதுதான் ஆட்டத்தின் காரணம் விளங்கியது. நடுப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்து பிறைபோல இருந்தது. துருவும் சேறும் கலந்த கறுப்புக் களி அதைச் சுற்றி ஒட்டியிருந்தது. கத்திக்கும் வாளுக்கும் அரத்துக்கும் இடையில் ஒரு வாசர்கூட (தட்டை வளையம்) இல்லை. செம்பு வாசர் நாலைந்து போட்டிருந்தால் இந்தக் கருவி பல ஆண்டுகள் உழைத்திருக்கும், செலவும் மிகச் சிறிதே. 1975இல் பழைய பியற் (Fiat) காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது அதைத் திருத்திப் பட்ட பாட்டிலிருந்துதான் லெதர்மன் பல்பயன் குறட்டை உருவாக்கிய அமெரிக்கரான டிம் லெதர்மனுக்கு இத்தகைய கருவியின் எண்ணம் பிறந்தது. திருத்துவதற்கென்று தோன்றிய கருவியைத் திருத்த முடியாதபடி செய்து விற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆகவே வாங்குமுன் மூட்டைப் பாருங்கள்: நட்சத்திரக் குழியோ அறுகோணக் குழியோ இருந்தால் கழற்றலாம், வழுவழுப்பான குமிழ் என்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் எறியாதீர்கள்.

என் குறட்டுக்கு 4 மில்லிமீற்றர் போல்ட்டும் நைலோன் பிடித்த நட்டும் போட்டிருக்கிறேன். இப்போது உழவு இயந்திரத்தின் பெட்டியில் அது கிடக்கிறது, ஆடினால் நட்டை இறுக்குகிறேன். வாளுக்கு முதிரைப் பிடி செய்தேன். அதிலிருந்த கத்தரிக்கோலை மட்டும் மீட்க முடியவில்லை; அதன் தட்டை ஸ்பிரிங் அடியோடு முறிந்திருந்தது.