தொட்டுப் பழகுவதா, தள்ளி நிற்பதா?

மீட்கப்பட்ட ஓநாய்களைப் பராமரிப்பதில் அமெரிக்காவில் இரண்டு போக்குகள் உண்டு. கொலராடோ மலைப்பகுதியில் இருக்கும் மிஷன் வுல்ஃப் என்ற ஓநாய்க் காப்பகம், மனிதரிடம் வளர்ந்த சில ஓநாய்களைப் பார்வையாளர்களோடு பழக விடுகிறது. நாம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஓநாய் நேராக வந்து முகத்தோடு முகம் வைத்து நம் பல்லை நக்கும். அதுதான் அதன் வணக்கம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மரியாதைக் குறைவு!

வாஷிங்டன் மாநிலத்தின் டெனைனோவில் 1982 முதல் இயங்கும் வுல்ஃப் ஹேவன் காப்பகம் இதற்கு நேர் எதிர். ஓநாய்கள் பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். ஆட்கள் கிட்டே போவதே குறைவு. அழியும் நிலையிலுள்ள மெக்சிகன் ஓநாய், சிவப்பு ஓநாய் இனப்பெருக்கத் திட்டங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குட்டிகள் ஒருநாள் காட்டுக்குப் போகக்கூடும். மனிதரைக் கண்டால் ஓடும் பயம் போய்விட்டால் அங்கே துப்பாக்கிக்கு இரையாக வேண்டியதுதான்.

 

என்னைக் கேட்டால், செல்லமாக வாங்கி, வளர்ந்ததும் கைகழுவப்பட்ட ஓநாய்க்கு முதல் வழி சரி. ஆனால் ஆளைக் கண்டதும் வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு வேலியோரமே நடக்கிற ஒன்றை அப்படிப் பழக்கப் பார்ப்பது கொடுமை.