கிச்சன் தராசு வாங்கி மூணு மாசம் ஆச்சு

கேக் ஒரு தடவ பஞ்சு மாதிரி வரும், அடுத்த தடவ கல்லு மாதிரி இருக்கும், ஏன்னே புரியாம தவிச்சேன், இந்த டிஜிட்டல் தராசு வந்தப்புறம்தான் காரணம் தெரிஞ்சுது. அதே 240 மில்லி கப்புல மைதாவ ஸ்பூனால அள்ளிப் போட்டு மேல வழிச்சா 125 கிராம் பக்கம் நிக்குது, கப்ப டப்பாக்குள்ள விட்டு அமுக்கி மொண்டா 150ஐ தொடுது! சர்க்கரைன்னா 200, தண்ணி 240. பாத்திரத்த வச்சு டேர் பட்டன அமுக்கினா ஜீரோ ஆயிடும், அதுக்கு மேலயே ஒவ்வொண்ணா கொட்டிக்கலாம், கப்பு கழுவுற வேலையும் மிச்சம். ஒரு குறை, நடுவுல கொஞ்ச நேரம் விட்டா தானா ஆஃப் ஆயிடுது, மறுபடி மொதல்லேருந்து அளக்கணும், கடுப்பா இருக்கு. ஈஸ்ட், சோடா மாதிரி 2, 3 கிராம் சமாச்சாரமும் சரியா காட்டல, அதுக்கு இன்னும் ஸ்பூன்தான்.