ஆவணத் தேடலுக்கு போஸ்ட்கிரெஸ் போதுமா, எலாஸ்டிக்சர்ச் வேண்டுமா?

சில லட்சம் பக்கங்களுக்குள் தேடும் வலைச் செயலி என்றால் நான் பரிந்துரைப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். தேடும் திறனில், தேடலுக்கென்றே உருவான எலாஸ்டிக்சர்ச்தான் மேல். ஆனாலும் என் தேர்வைத் தீர்மானிப்பது பராமரிப்பு.

உரையைப் பிரித்தெடுக்கும் வேலை இரண்டுக்கும் பொது. அதற்கு அப்பாச்சி டிக்கா என்ற கருவி போதும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் உரை இருக்காது. அதை டெசராக்ட் போன்ற ஓசிஆருக்கு (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அனுப்ப வேண்டும்.

எலாஸ்டிக்சர்ச் வைத்தால் ஆவணம் டேட்டாபேஸில், தேடல் இன்டெக்ஸ் (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற அடைவு) வேறொரு சர்வரில். டேட்டாபேஸில் பதிவாகி, இன்டெக்ஸுக்குப் போகும் முன் செயலி நின்றுவிட்டால் அந்த ஆவணம் தேடலில் வரவே வராது. பிழைச் செய்தியும் இருக்காது. நீக்கும்போது இது நடந்தால் இன்னும் மோசம்: நீக்கிய ஆவணத்தின் வரிகள் முடிவுகளில் தெரியும். இதைத் தடுக்க, ஆவணம் மாறும் அதே டிரான்ஸாக்‌ஷனில் (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காது என்ற மாற்றத் தொகுப்பு) 'அனுப்ப வேண்டியவை' என ஒரு டேபிளில் எழுதி, பின்னணியில் ஓடும் தனி வொர்க்கர் அதை எடுத்து அனுப்ப வேண்டும். பழைய பதிப்பு புதியதை மிதிக்காமலிருக்கப் பதிப்பு எண் வேண்டும். இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும். யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதியும் இன்டெக்ஸுக்கு நகலாகிறது. ஒருவரின் அனுமதியை ரத்து செய்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே உள்ள ஃபீல்டின் வகையை மாற்ற, புது இன்டெக்ஸ் கட்டி முழுவதையும் மறுபடி ஏற்ற வேண்டும். இயல்பு அமைப்பில் டிஸ்க் 95% நிரம்பினால் எழுதுவதே நின்றுவிடும்.

போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸும் அதே டிரான்ஸாக்‌ஷனில் மாறுவதால் இந்த ஒத்திசைவு வேலை அப்படியே இல்லாமல் போகிறது. அனுமதிச் சோதனை, அனுமதி டேபிளை இணைக்கும் ஒரு ஜாயினில் முடிந்துவிடும்.

அமைக்கும்போது டேபிளில் ஆவணத்துக்கு ஒரு வரிசை (row) வேண்டாம், பக்கத்துக்கு ஒன்று வையுங்கள். தேடலுக்காக உரையின் சொற்களைத் தொகுத்து வைக்கும் டிஎஸ்வெக்டர் (tsvector) 1 எம்பியைத் தாண்ட முடியாது. முழு நூலை ஒரே வரிசையில் போட்டால் பிழை வரும். பக்கமாகப் பிரித்தால் 'பக்கம் 214' என்று நேரடி இணைப்பும் கொடுக்கலாம். டிஎஸ்வெக்டரை, தானே கணக்கிடப்படும் ஜெனரேட்டட் நெடுவரிசையாக (generated column, 12ஆம் பதிப்பு முதல் உண்டு) வைத்து, அதன்மேல் ஜின் (GIN) வகை இன்டெக்ஸ் போடுங்கள். உரையை டிஎஸ்வெக்டராக மாற்றும் டு_டிஎஸ்வெக்டருக்கு (to_tsvector) மொழிப் பெயரையும் கொடுக்க வேண்டும். உரையை மட்டும் கொடுத்தால் விளைவு சர்வர் அமைப்பைப் பொறுத்து மாறும் என்பதால் ஜெனரேட்டட் நெடுவரிசை அதை ஏற்காது. சொல்லை அதன் வேர் வடிவுக்குச் சுருக்கும் தமிழ் ஸ்டெம்மரும் 12ஆம் பதிப்பிலிருந்து உடன் வருகிறது.

தேடல் மெதுவாக இருந்தால் முதலில், முடிவில் பொருந்திய வரிகளைக் காட்டும் டிஎஸ்_ஹெட்லைனைப் (ts_headline) பாருங்கள். அது இன்டெக்ஸைத் தொடாமல் மூல உரையை மறுபடி அலசுகிறது. உள் குவெரியில் முதல் 20 வரிசைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வெளிக் குவெரியில் அவற்றுக்கு மட்டும் அதை அழைக்க வேண்டும்.

எலாஸ்டிக்சர்ச் தெளிவாக முந்துவது முடிவுகளை வரிசைப்படுத்துவதில். அதன் மதிப்பெண் முறையான பிஎம்25 (BM25) அரிய சொல்லுக்குக் கூடுதல் எடை தருகிறது. போஸ்ட்கிரெஸின் டிஎஸ்_ரேங்க் (ts_rank) ஒரு சொல் மொத்தத் தொகுப்பில் எவ்வளவு அரிது என்று பார்ப்பதில்லை. எழுத்துப் பிழையைப் பொறுப்பதிலும் எலாஸ்டிக்சர்ச்சே மேல். போஸ்ட்கிரெஸின் பிஜி_டிஆர்ஜிஎம் (pg_trgm) என்ற நீட்டிப்பு ஓரளவுதான் ஈடுகொடுக்கும். பல கோடிப் பக்கங்கள் என்றால் என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆவணங்களையே ஏற்றி, மிகப் பொதுவான சொற்களைத் தேடி நேரத்தை அளந்து பாருங்கள். பொருந்தும் வரிசை ஒவ்வொன்றுக்கும் டிஎஸ்_ரேங்க் கணக்கிட வேண்டியிருப்பதால், போஸ்ட்கிரெஸ் திணறுவது அங்கேதான் முதலில் தெரியும்.