ஷிப்ட் லைட்: ஓபிடியில் சொருகுவதா, வயர் இழுப்பதா?

ஷிப்ட் லைட் என்பது கியர் மாற்றும் நேரத்தைக் காட்டும் விளக்கு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட ஹில் கிளைம்புக்கு (மலைப் பாதையில் ஏறும் கார்ப் போட்டி) கார் தயாராக்குவோர் இதில்தான் தடுமாறுவார்கள்.

பொருத்துவது: ஓபிடி (காரின் பழுது கண்டறியும் இணைப்பு) என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 பின் சொக்கெட்டில் சொருகினால் போதும். வயர் வகைக்கு அரை நாள். இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட்டைச் சிறு ஃபியூஸ் வழியே எடுங்கள். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய கார் பொடியின் இரும்பில் இறுக்குங்கள். சிக்னல் வயர் ஈசியூவின் (எஞ்சின் கம்ப்யூட்டர்) டாக்கோ வயருக்கு, அதாவது எஞ்சின் சுற்று வேகத்தைச் சொல்லும் வயருக்கு; ஈசியூ இல்லாத பழைய காரில் இக்னிஷன் கொயிலின் மைனஸுக்கு. பிளக் வயரோடு சேர்த்துக் கட்டினால் லைட் கண்டபடி மின்னும்.

வேகம்: ஓபிடி பிந்தும். முதல் கியரில் லைட் எரியுமுன், எஞ்சின் அளவு மீறிச் சுற்றாமல் தடுக்கும் லிமிட்டர் வெட்டிவிடும். லைட் எரியும் அளவை 300 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) குறைத்து வையுங்கள். வயரில் அந்தத் தொல்லையில்லை.

உழைப்பு: நுவரெலியா ஈரத்தில் முறுக்கிய வயர் பச்சை பிடிக்கும், ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள்.

றோட்டுக்கு மட்டுமென்றால் ஓபிடி. போட்டிக்கும், ஓபிடியே இல்லாத பழைய கார்பரேட்டர் கார்களுக்கும் வயர்தான்.