இன்சூரன்ஸ் கார்டும் ஒரு ஜிபே நம்பரும்

இந்த முறை ஊருக்குப் போனதில் கல்யாணம், குலதெய்வம் கோயில், சித்தி வீட்டு விருந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அதையெல்லாம் எழுத வரவில்லை. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்ட்டரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பாஸ்டன் திரும்பியும் அந்த எரிச்சல் ஆறவில்லை.

மாமா குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்ப்பவர். நெஞ்சு கரிக்கிறது என்று சோடா குடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தவரை மச்சான் காரில் போட்டு அந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். ஆஞ்சியோ பார்த்ததில் இதய ரத்தக்குழாயில் ஒரு அடைப்பு. குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிக்குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். அத்தை பீரோவிலிருந்து முதலமைச்சர் காப்பீட்டு கார்டை எடுத்து வந்தார். கூடவே ரேஷன் கார்டு, ஆதார், ஜெராக்ஸ் கத்தை. இந்த விஷயத்தில் அத்தை எந்த வக்கீலுக்கும் சளைத்தவரில்லை.

நான் ஊரில் இருந்தவரை இப்படி ஒரு கார்டு கிடையாது. கலைஞர் ஆட்சியில் 2009-இல் தொடங்கியது. 2012-இல் ஜெயலலிதா அதை மாற்றி 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' என்று கொண்டுவந்தார். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்த்தார்கள். இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆட்சி மாறினால் படம் மாறும், திட்டம் நிற்காது. பிரீமியம் முழுக்க அரசு கட்டுகிறது, நோயாளி பத்து பைசா கட்ட வேண்டாம். முக்கியமாகத் தேவை ஒரு வருமானச் சான்று. குடும்பத்தின் ஆண்டு வருமானத்துக்குப் பழைய வரம்பு 72,000 ரூபாய். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யார் சான்று வாங்கினாலும் ஆண்டு வருமானம் 72,000-ஐத் தாண்டியதில்லை. டீக்கடைக்காரருக்கும் அதே, டிராக்டர் வைத்திருப்பவருக்கும் அதே. பிறகு வரம்பை 1,20,000 என்று ஏற்றினார்கள். ஊரும் கொஞ்சம் முன்னேறியது.

நான் இருக்கும் மாசசூசெட்ஸில் கதையே வேறு. அங்கேயும் மாநில அரசுதான் முதலில் இறங்கியது. 2006-இல் மிட் ராம்னி ஆளுநராக இருந்தபோது பெரியவர்கள் எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும், கட்டக்கூடிய விலையில் கிடைத்தும் எடுக்காவிட்டால் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். நான்கு வருடம் கழித்து ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்கு அதுதான் முன்மாதிரி. காப்பீடு இல்லாதவர் இன்று அங்கே நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலம் கைகொடுக்கிறது. என் போன்ற சம்பளக்காரனுக்கு? மாதாமாதம் பிரீமியம், அதற்கு மேல் டிடக்டபிள் (காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை), அதற்கு மேல் கோ-பே (ஒவ்வொரு முறையும் நம் பங்காகக் கட்டுவது). வரி கட்டும் நேரத்தில் காப்பீடு இருந்ததற்கு 1099-எச்.சி. என்று ஒரு தாள் வேறு வரும். ஆம்புலன்ஸில் ஏறவே பயம், பில் வந்து சேரும். நம்மூரில் 108-க்குப் போன் போட்டால் காசு கேட்காமல் வருகிறான். ஆகவே அத்தை கையில் அந்தக் கார்டைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மாமாவின் சிகிச்சைக்குக் காப்பீட்டு அப்ரூவல் அன்று சாயந்திரமே வந்துவிட்டது. பாஸ்டனில் ஒரு எம்.ஆர்.ஐ.க்கு என் காப்பீட்டுக் கம்பெனி என்னை எத்தனை நாள் இழுத்தடித்தது என்று மச்சானிடம் அளந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கவுன்ட்டர் தம்பி கூப்பிட்டான். கழுத்தில் அடையாள அட்டை, பேர் தெரியாதபடி திருப்பிப் போட்டிருந்தான்.

"சார், கார்டுல வர்றது சாதா ஸ்டென்ட். நல்லது வைக்கணும்னா ஒரு முப்பத்தஞ்சாயிரம் கட்டிருங்க."

"பில் குடுப்பீங்களா?"

"இதுக்கு பில் வராது சார்."

அவன் நீட்டியது மருத்துவமனையின் க்யூஆர் கோடுகூட இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிய ஜிபே நம்பர். ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017-லேயே விலை உச்சவரம்பு வைத்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட்டே அப்போது 29,600 ரூபாய்தான். அந்த ஸ்டென்ட், அறை, மருந்து, சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் பேக்கேஜ், அதாவது ஒரு சிகிச்சைக்குத் திட்டம் மருத்துவமனைக்குக் கொடுக்கும் மொத்தத் தொகை. அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பதுதான் திட்டத்தின் விதி. இதையெல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க வெளிநாடா சார்?" என்றான்.

வராந்தாவில் நின்று கார்டில் இருந்த இலவச எண்ணுக்குப் போன் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பெண் எடுத்துத் தமிழில் பேசினார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலையவிட்டு வயலின் வாசித்துக் காட்டவில்லை. கார்டு எண், மருத்துவமனை பேர், கேட்ட தொகை எல்லாம் குறித்துக்கொண்டு, "பணம் கட்டாதீங்க சார், நாங்க பேசுறோம்" என்றார். அமெரிக்காவில் எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் என்னிடம் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை.

வெற்றி வீரன் மாதிரி வார்டுக்குள் போனேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாப்ள, நாளைக்கு நெஞ்சுக்குள்ள கம்பி விடப்போறவன் இந்த ஆஸ்பத்திரிக்காரன். இன்னிக்கு நீ அவன்கிட்ட சட்டம் பேசுற."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அத்தை தலைமாட்டில் நின்று பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "தம்பி, பேசினது போதும்ப்பா." மச்சான் போனைக் காட்டினான். நான் வராந்தாவில் நின்ற நேரத்தில் பணம் போய்ச் சேர்ந்திருந்தது. பெறுநர் இடத்தில் ஒரு தனிமனிதர் பேர், குறிப்பு இடத்தில் மச்சான் 'ஹாஸ்பிடல்' என்று தட்டியிருந்தான். அவ்வளவுதான் ரசீது.

கொஞ்ச நேரத்தில் கவுன்ட்டர் தம்பி வந்தான். கம்ப்ளைன்ட் போயிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை, வருத்தமாகத்தான் பேசினான். "சொல்லியிருந்தா குறைச்சிருப்போமே சார்." அப்புறம் அத்தையிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினான். கூடுதல் பணம் எதுவும் வாங்கவில்லை என்று நோயாளி தரப்பில் எழுதிக்கொடுக்கும் தாள்! வாசித்துப் பார்த்த நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்.

ஸ்டென்ட் வைத்தாயிற்று, மாமா நன்றாக இருக்கிறார். டாக்டர் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன்.

இதே கார்டு தஞ்சாவூர் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலும் செல்லும். அங்கே இதய சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, கார்டு வழியாக வரும் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போகிறது, ஜிபே நம்பர் நீட்ட ஆளில்லை. நான் பிறந்ததே ராசா மிராசுதார் அரசு ஆஸ்பத்திரியில், அம்மா அதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் எங்கள் குடும்பத்தில் இப்போது கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி என்றாலே, காசில்லாமலா போய்விட்டோம் என்று கேட்கிறார்கள். கார்டு வாங்க வருமானமில்லை என்று எழுதிக்கொடுத்தவர்கள்தான் கேட்கிறார்கள்.

புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை. மச்சானிடம் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "செக்கப்புக்கு அங்கதானே போகணும், அத்தான்" என்று தள்ளிப்போடுகிறான்.