கிதார் மாடலருக்கு எத்தனை ஓம் ஹெட்போன்? சில வருடம் வாசித்துப் பார்த்ததில்

அடுக்குமாடி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கிதார் வாசிக்க வேண்டுமென்றால் ஹெட்போனை விட்டால் வேறு வழி கிடையாது. நடுத்தர விலையில் உள்ள ஒரு ஃப்ளோர் மாடலரில் (ஆம்ப், பெடல், ஸ்பீக்கர் ஒலிகளை டிஜிட்டலாகப் போலச் செய்யும், காலடியில் வைக்கும் பெட்டி) சில வருடங்களாக அப்படித்தான் வாசித்து வருகிறேன். அதில் மாறி மாறி ஓடியவை மூன்று ஹெட்போன்கள்: 32 ஓம் உள்ள ஒரு திறந்த வகை (காதுக் கிண்ணத்தின் பின்புறம் திறந்திருப்பது), பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 80 ஓம் வகை, எங்கள் பேஸ் வாசிப்பவர் கொடுத்து வைத்திருந்த அதே டிடி 770இன் 250 ஓம் வகை. கடைசியில் மாடலரோடு நிரந்தரமாகத் தங்கியது 80 ஓம்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

குழப்பம் தொடங்குவது டியூப் ஆம்பில், அதாவது வால்வ் வைத்த கிதார் ஆம்பில். அங்கே 8 ஓம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) என்றால் 8 ஓம் ஜாக், 16 என்றால் 16. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அதைத்தான் எதிர்பார்க்கிறது. அந்தப் பழக்கத்தில் ஹெட்போனுக்கும் ஜாக்குக்கும் ஒரே ஓம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஹெட்போனில் அப்படி வேண்டியதில்லை. ஜாக்கின் இம்பீடன்ஸ் (ஏசி மின்னோட்டத்துக்கு உள்ள தடை, ஓமில் அளப்பது) ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது, அதற்கும் கீழே போனால் இன்னும் நல்லது. அந்தக் கணக்கில் 32 ஓம் ஹெட்போனுக்கு ஜாக் 4 ஓமுக்குள் இருக்க வேண்டும், 80 ஓமுக்கு 10, 250 ஓமுக்கு 31 வரை பரவாயில்லை. மாடலர்களிலோ ஹெட்போன் ஜாக்கின் இம்பீடன்ஸ் பத்து ஓமைத் தாண்டுவது சகஜம். என்னுடையதை அளந்து பார்த்தபோது சுமார் 20 வந்தது.

20 ஓம் என்பது கேட்கச் சின்ன எண். ஆனால் ஹெட்போனின் ஓம் எல்லா அலைவரிசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 32 என்பது பெயரளவு எண்தான். திறந்த வகை டைனமிக் ஹெட்போன்கள் பலவற்றில் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் டயஃப்ரம் ரெசனன்ஸ் வரும் இடத்தில் இம்பீடன்ஸ் ஏறும். அங்கே அது 64க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 20 ஓம் ஜாக்கில் அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட 2 டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்து நிற்கும். கிதாரின் திறந்த ஆறாவது கம்பி, அதாவது லோ இ, 82 ஹெர்ட்ஸ். அதன் மேலே இருக்கும் எஃப், ஜி எல்லாம் இதே வட்டாரம். ஆக, பாம் மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி) ஒரு ரிஃப் வாசித்தால் ஒவ்வொரு அடியும் 'தும் தும்' என்று கனமாக விழும். கேட்க சுகமாகத்தான் இருக்கும். அதை நம்பி லோ கட்டை (அதற்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்) 120, 130 ஹெர்ட்ஸ் என்று ஏற்றி பேட்சை, அதாவது சேமித்து வைக்கும் டோன் அமைப்பை, செதுக்கினால், அதே பேட்ச் ரிகர்சல் அறை ஸ்பீக்கரில் எலும்பும் தோலுமாக வரும். 80 ஓமுக்கு மாறிய பிறகு லோ கட் 80–90க்குள்ளேயே நிற்கிறது, ஸ்பீக்கரிலும் கிட்டத்தட்ட அதே கனம் வருகிறது.

அப்படியானால் 250 ஓம் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். எல்லா அலைவரிசையும் ஒரே அளவில் வரும் விஷயத்தில் ஆமாம். பழைய ஸ்டுடியோ கருவிகளுக்கு அது மிகப் பொருத்தம். 1996இல் வந்த ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரநிலையே ஹெட்போன் அவுட்புட்டுக்கு 120 ஓம் என்றுதான் சொன்னது. சிக்கல் வோல்ட்டேஜில். டிடி 770இல் எந்த ஓம் வகையானாலும் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்றுதான் நிறுவனம் குறிப்பிடுகிறது. 1 வோல்ட் கொடுத்தால் 80 ஓம் வகைக்கு 12.5 மில்லிவாட் போகிறது, 250 ஓம் வகைக்கு 4 மட்டும். வித்தியாசம் 5 டெசிபல். என் ஜாக்கின் 20 ஓமையும் கணக்கில் சேர்த்தால் 4க்குச் சற்றுக் குறைவு.

ஹை கெயின் பேட்சில் (டிஸ்டார்ஷன் அதிகம் உள்ளது) இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே ஒலி ஏற்கெனவே நசுங்கி ஒரே மட்டத்தில் ஓடுகிறது. கிளீன் பேட்சில்தான் மாட்டும். சிங்கிள் காயில் பிக்கப், கம்ப்ரஸர் இல்லை, கூடவே ஒரு பேக்கிங் டிராக் என்று உட்கார்ந்தால் வால்யூம் குமிழ் முக்கால் சுற்றைத் தாண்டிவிடும். அப்போது கம்பியை ஓங்கி அடித்தால் பிக் படும் அந்தக் கணத்தில் 'டிக்' என்று ஒரு விரிசல் கேட்கும். மாடலரின் கிளிப் விளக்கு (சிக்னல் அளவு மீறினால் எரிவது) எரியாது, பேட்ச் லெவலைக் குறைத்து ஹெட்போன் குமிழை இன்னும் ஏற்றினாலும் போகாது. ஹெட்போன் ஆம்ப் தன் வோல்ட்டேஜ் உச்சத்தில் முட்டுகிறது, அவ்வளவுதான். தனியாக ஒரு ஹெட்போன் ஆம்ப் வைத்தால் தீரும். ஆனால் மாடலர் வாங்கியதே ஒரே பெட்டியில் வேலை முடியட்டும் என்றுதானே.

80 ஓம் வகையில் குமிழ் பாதியில் நிற்கிறது. மூடிய வகை என்பதால் மின்விசிறிச் சத்தமும் உள்ளே வராது. வெல்வெட் குஷன் மே மாதத்தில் கொஞ்சம் வியர்க்க வைக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கேபிள் 3 மீட்டர், நேர் கேபிள். காலடியில் பெடலுக்குள் சிக்காமல் கிதார் ஸ்ட்ராப்பில் ஒரு முறை செருகிவிட்டுத்தான் உட்காருவேன். 250 ஓம் வகையின் சுருள் கேபிள் இந்த விஷயத்தில் வசதி. இன்னொன்று: டிடி 770இல் மேல்பகுதி, 8–9 கிலோஹெர்ட்ஸ் அருகே, தூக்கலாக இருக்கும். டிஸ்டார்ஷனின் அந்த 'ஸ்ஸ்' அதில் மிகைப்பட்டுத் தெரியும். அதனால் கேப் பிளாக்கின் (மாடலரில் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் பகுதி) ஹை கட்டை, அதாவது மேல்பகுதியை வெட்டும் ஃபில்டரை, மட்டும் ஹெட்போனை வைத்து முடிவு செய்வதில்லை.

இயர்போன் வைத்திருப்பவர்களுக்கு: 16 ஓம், அதிக சென்சிட்டிவிட்டி என்றால் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் இரைச்சல் கேட்கலாம், நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் எஃபெக்ட்) போட்டும் பயனில்லை, அது ஹெட்போன் ஆம்பிலிருந்து வருவது. இடையில் ரெசிஸ்டர் வைத்த அடாப்டர் போட்டால் இரைச்சல் அடங்கும், ஆனால் ஜாக்கின் இம்பீடன்ஸ் கூடியது போலாகிவிடும். பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற சிறிய டிரைவர் வைத்த இயர்போன் வகையில் அது டோனையே மாற்றிவிடும்.

உங்கள் கையேட்டில் ஜாக்கின் ஓம் போடவில்லையென்றால், பலவற்றில் "32 ஓமுக்கு இத்தனை மில்லிவாட்" என்று மட்டும்தான் இருக்கும், வீட்டிலேயே அளந்துவிடலாம். மல்டிமீட்டர், 33 ஓம் ரெசிஸ்டர், உள்ளே வயர் தெரியும்படி ஒரு ஸ்டீரியோ பிளக், இவை போதும். எல்லா பிளாக்கையும் அணைத்துவிட்டு, போனில் டோன் ஜெனரேட்டர் செயலி வைத்து 200 ஹெர்ட்ஸ் சத்தத்தை மாடலருக்குள் விடுங்கள். சும்மா இருக்கும்போது பிளக்கின் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஏசி வோல்ட்டேஜ் பாருங்கள். அப்புறம் அதே இடத்தில் ரெசிஸ்டரை இணைத்துப் பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, 1 கழித்து, 33ஆல் பெருக்கினால் ஜாக்கின் ஓம். 1 வோல்ட் இருந்தது 0.62 ஆனால் 20 ஓம். குமிழைக் குறைவாகவே வைத்து அளக்கவும். அதிகம் ஏற்றினால் ரெசிஸ்டர் சேர்ந்ததும் ஆம்ப் கிளிப் ஆகி, வரும் எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.