சம்பா நெல்லை எந்தச் செயற்கைக்கோளில் பார்ப்பது?

நட்டு இருபது நாளான சம்பா வயலை வரப்பில் நின்று பார்த்தால் பச்சைப் பாய் விரித்தது போல இருக்கும். நேர்மேலே இருந்து பார்த்தால் குத்துகளுக்கு நடுவே தண்ணீரும் சேறும்தான் அதிகம். செயற்கைக்கோளுக்கும் இதே சிக்கல்தான்.

நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் என்ற கருவி ஏறக்குறைய தினமும் படம் தருகிறது. கேட்டவுடன் ஆசை வரும். ஆனால் ஒரே வீச்சில் 2,330 கி.மீ. அகலத்தை அள்ளுவதால், ஓரங்களை மிகவும் சாய்வாகப் பார்க்கிறது. நேர்கீழே 250 மீட்டராக இருக்கும் பிக்சல் (படப்புள்ளி), ஓரத்தில் குறுக்குவாக்கில் ஐந்து மடங்கு வரை இழுபடும். வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு எல்லாம் அதற்குள் கலந்துவிடும். கோணமும் நாளுக்கு நாள் மாறும்: சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் நிழல் மறைந்து வயல் பளிச்சென்றும், எதிரே இருந்தால் மங்கலாகவும் தெரியும். பயிர் அப்படியே இருக்க, படத்தில் அளக்கும் ஒளியின் எண் மட்டும் ஏறி இறங்கும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இந்த விஷயத்தில் நிதானம். 290 கி.மீ. அகலம்தான், சாய்வு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் அடங்கும். 10 மீட்டர் நுணுக்கத்தில் தனித்தனி வயலே தெரியும். இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகின்றன. சரி, வந்து என்ன? சம்பா வளரும் அக்டோபர், நவம்பரில் டெல்டா வானம் முழுக்க மேகம். அடர்ந்த மேகமாவது பரவாயில்லை, படத்தைத் தள்ளிவிடலாம். மெல்லிய மூட்டம்தான் மோசம். அது சிதறடிக்கும் ஒளி, சிவப்பு ஒளியை அளக்கும் பட்டையில் கூடுதலாகச் சேர்ந்து, பயிரின் பசுமையைக் காட்டும் என்டிவிஐ என்ற எண் குறைந்து, நல்ல பயிரை நோயாளி போலக் காட்டும். அதனால் காற்றுமண்டலத் திருத்தம் (காற்று சேர்க்கும் ஒளியைக் கழிப்பது) செய்த படத்தையே எடுக்க வேண்டும். நீலப் பட்டையை வைத்து மூட்டத்தைக் கழிக்கும் இவிஐ என்ற இன்னொரு பசுமை எண் இங்கே கொஞ்சம் மேல்.

சம்பாவுக்கு என் ஓட்டு, தானே அலை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் சென்டினல்-1 ரேடாருக்குத்தான். சுமார் 5.6 செ.மீ. அலை மேகத்தைச் சட்டை செய்யாது, இரவிலும் வேலை செய்யும். நீர் கட்டிய நடவு வயல் கறுப்பாகத் தெரியும், பயிர் எழ எழ வெளுக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் நெல் பரப்பைக் கணக்கிட ரேடார் படங்களைப் பயன்படுத்தியிருக்கிறது. கோணத் தொல்லை இதிலும் உண்டு. கோள் ஒரே சுற்றுத்தடத்தில் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரு கோள் அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆகும். காற்றடித்து நீர் அலைந்தால் வெற்று வயலும் வெளுத்துக்கொள்ளும், அது ஒரு குறும்பு. இலை மஞ்சளிப்பதும் இதற்குத் தெரியாது. அதற்கு ஜனவரியில் வானம் வெளுத்ததும் சென்டினல்-2 பக்கம் போகலாம். மோடிஸை, 2000 முதல் இன்றுவரை மாவட்ட அளவில் ஆண்டுகளை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம்.